பெத்தவளைப் பெத்தவ எந்த ஊரு?

நடந்தது எதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை முத்துத்தாய் அம்மாவுக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. அதில் நான் பேசியது இது. ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பேசும்போது தாளில் இல்லாததையும் பேசிவிட்டேன். இடையில் மற்றவர்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதுவும் நடந்ததுதான்.

செல்வமாரி, பன்னிரண்டாம் வகுப்பு.

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் மதிப்பிற்குரிய உக்கிரபாண்டி ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் உயிரியல் ஆசிரியை சுந்தரேஸ்வரி அவர்களே, மேடைக்கு வர மறுத்துக் கீழே மகள் சத்யபிரியா அக்காவோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கணவர் முத்துகிருஷ்ணன் மாமா அவர்களே, தீப்பெட்டி ஆபீசில் அம்மாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து பெட்டியில் குச்சி அடைத்த அக்காமார்களே, விளாத்திகுளத்திலிருந்தும் எப்போதும்வென்றானிலிருந்தும் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையோடு வந்திருக்கும் உறவினர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தலைவர் ஐயா, அம்மாவைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொன்னார்கள். முடிக்கும்போது இன்னொன்றும் சொன்னார்கள். "முத்துத்தாய் எழுதி வச்ச நோட்டை இந்தப் பிள்ளை கொண்டுவந்திருக்கு. பேசி முடிச்சதும் மேசையில வைக்கட்டும். நாளைக்கு எல்லாரு முன்னாலயும் எரிச்சிருவோம். அவளோட அதுவும் போகட்டும். நாலு வீட்டுல பொண்ணு பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகணும்லா" என்று சொன்னார்கள். உங்களில் பலர் தலையாட்டியதை நான் பார்த்தேன்.

அந்த நோட்டு இதுதான். இதோ என் கையில் இருக்கிறது. இதை மேசையில் வைப்பதற்கு முன், இதற்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எரிப்பதாக இருந்தாலும், எதை எரிக்கிறோம் என்று தெரிந்து எரிக்க வேண்டும் அல்லவா?

முத்துத்தாய் அம்மா யார்?

அவர் டாக்டர் இல்லை. நர்ஸ் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறியவர். ஆனால் அவருடைய சேலைத் தலைப்பில் எப்போதும் ஒரு பேனா குத்தியிருக்கும். அது அவர் எழுதுவதற்கு இல்லை. எழுதத் தெரிந்த யாராவது வழியில் அகப்பட்டால் கையில் கொடுப்பதற்கு. அப்படி மூன்று வருஷத்துக்கு முன்னால் அகப்பட்டவள் நான்.

அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மதியம் எங்கள் வகுப்பு வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். சுந்தரேஸ்வரி டீச்சர், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார்கள்.

"யாரையும் பாக்க வரல டீச்சர். பிள்ளைகளோட பழைய நோட்டு பாக்கணும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்லுவேன் என்றால் இதையும் சொல்ல வேண்டும். டீச்சர் சிரிக்கவில்லை. "யாரிடமாவது போன வருஷத்து நோட்டு இருக்கிறதா?" என்று கேட்டார்கள். யாரிடமும் இல்லை. நம் ஊரில் பரீட்சை முடிந்த மறுநாளே நோட்டெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். என்னிடம் மட்டும் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லா நோட்டையும் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தேன். அதற்காக வீட்டில் தினமும் திட்டு வாங்குவேன். மறுநாள் அந்தச் சாக்கைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன்.

முத்துத்தாய் அம்மா பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாகத் திருப்பினார். வாசிக்கவில்லை. ஒரு பக்கத்தைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பார், கிட்டத்தில் வைத்துப் பார்ப்பார், தலைகீழாகக் கூடத் திருப்பிப் பார்ப்பார்.

"தலைகீழா இருக்கும்மா" என்றேன்.

"இருக்கட்டும். எழுத்து தெரிஞ்சவ வாசிக்கத்தான் செய்வா. தெரியாதவதான் எழுத்தைப் பாப்பா. நீ வாசி. நான் பாக்கேன்."

எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒனக்கு ஒண்ணுமில்ல தாயி. எழுத்து வருசா வருசம் திமிராத்தான் போகுது."

எழுத்தில் அவர் எதைத் தேடினார்? அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய மகன் ஹரிஹரசுதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அந்த அண்ணனைப் பார்த்ததில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன், பதினான்கு வயதில் இறந்துபோனார். அவருடைய எட்டாம் வகுப்பு நோட்டுகள் இரண்டை அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார். காலாண்டுத் தேர்வுக்கு முந்திய நோட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். முழு ஆண்டுத் தேர்வு நோட்டில் எழுத்துகள் சிறுத்து, நடுங்கி, கோட்டை விட்டு இறங்கி இருக்கும். அப்போது வாத்தியார் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார். அதற்காக அண்ணன் வீட்டில் அடி வாங்கியிருக்கிறார். பிறகு பேச்சு குழறியது. எச்சில் ஒழுகியது. யாரோ பேய்ச் சேட்டை பிடித்திருக்கிறது என்றார்கள், செப்புத் தகட்டில் தாயத்து எழுதிக் கட்டினார்கள். பிறகு கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கடைசியாக மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒரு டாக்டர் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் இருக்கிறது என்றார். நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் கொஞ்சம் செம்புச் சத்து இருக்கும். மிஞ்சியதை ஈரல் வெளியே தள்ளிவிடும். இந்தப் பிள்ளையின் ஈரலுக்குத் தள்ளத் தெரியவில்லை. செம்பு ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் சேர்ந்துவிட்டது. வில்சன் நோய் என்று பெயர். முன்பே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே பிழைத்திருப்பான் என்றார்.

முன்பே தெரிந்திருந்தால். இந்த இரண்டு வார்த்தைகளைத்தான் அம்மா பதினான்கு வருஷம் சுமந்துகொண்டு நடந்தார்.

செம்பு என்று டாக்டர் சொன்னதும் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? இங்கே சிலருக்குத் தெரியும். அம்மா கல்யாணத்தில் சீராகக் கொண்டுவந்த செப்புக்குடத்தின் மேல் பழி விழுந்தது. "விளாத்திகுளத்துல இருந்து கொண்டு வந்தால்லா, அந்தக் குடத்துல வந்த சீக்கு" என்றார்கள். குடத்தை அடித்து நசுக்கி எறிந்தார்கள். குடம் போய்விட்டது, பழி போகவில்லை. விளாத்திகுளத்துப் பெண்ணின் ரத்தமே அப்படி என்றார்கள். வீட்டில் யாரும் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

(இந்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "ஆமா, நானே குடிக்கல. பொய் சொல்லக் கூடாது" என்றார்.)

டாக்டர் இன்னொரு பிள்ளையையும் கூட்டிவரச் சொன்னார். சத்யபிரியா அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. ஓடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளை. எழுத்தும் நன்றாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்த்தால் அவருக்கும் இருந்தது. அன்று தொடங்கிய மாத்திரை. இன்று அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார். உங்கள் வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளில் பாதி அவர் செய்ததுதான். அதோ உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்வதைக் கேட்டு வெட்கப்படுகிறார்.

முத்துகிருஷ்ணன் மாமா கடலைமிட்டாய் போடுகிற பட்டறையில் பாகு காய்ச்சுகிறவர். இந்த நோய் இருப்பவர்களுக்கு நிலக்கடலை ஆகாது. கோவில்பட்டியில் பிறந்து கடலைமிட்டாய் சாப்பிடக் கூடாது என்றால் எப்படி? அக்கா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பா வந்ததும் சட்டையைப் பிடித்து மோந்து பார்ப்பாராம். "மோந்து பாத்தா செம்பு ஏறுமாம்மா?" என்று கேட்பாராம். அதிலிருந்து மாமா பட்டறையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம், "வேலை முடிஞ்சு மாப்பிள்ளை மாதிரி வருவாரு" என்று சொல்லிச் சிரிப்பார்.

இனி ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன்.

இந்த நோய் முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்று புத்தகத்தில் படித்தேன். இந்த நோட்டில் பக்கத்துக்கு ஒன்றாக நாற்பத்தேழு வீடுகள் இருக்கின்றன. அதில் ஐந்து பிள்ளைகளுக்கு இந்த நோய் இருக்கிறது. ஏன்? நம் வீடுகளுக்கு மட்டும் ஏன்?

டாக்டர் அம்மாவிடமும் மாமாவிடமும், "நீங்கள் சொந்தத்தில் கட்டியவர்களா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும், "இல்ல சார், அசல்" என்று சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்கள். அண்ணன் இறந்த மறு வருஷம் மாமாவின் அப்பாவைப் பெற்ற பாட்டி தொண்ணூறு வயதில் காலமானார். பிறந்த வீட்டுக் கோடி வந்தது. நமக்கெல்லாம் தெரியும், ஒரு பெண் எத்தனை வயதில் இறந்தாலும் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து சேராமல் எடுக்க மாட்டார்கள். எப்போதும்வென்றான் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு வயதான மனிதர் சேலையோடு வந்து இறங்கினார். ஊர்ப் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர் காப்பி குடித்துக்கொண்டே சொன்னாராம்: "இது ரெண்டாவது கோடி. மூத்தவளுக்கு நான்தான் கொண்டுபோனேன், விளாத்திகுளத்துக்கு. முப்பது வருசம் இருக்கும்."

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு வந்தார். "விளாத்திகுளத்துல யாரு வீட்டுக்கு பெரிய்யா?"

அவர் சொன்ன வீடு, அம்மா பிறந்து வளர்ந்த அம்மாச்சி வீடு. அவர் சொன்ன மூத்தவள், அம்மாவின் அம்மாவைப் பெற்றவர்.

மாமாவின் அப்பாவைப் பெற்றவரும், அம்மாவின் அம்மாவைப் பெற்றவரும் கூடப் பிறந்த அக்கா தங்கை. ஒருவர் விளாத்திகுளத்துக்கு வாக்கப்பட்டார், ஒருவர் இங்கே வந்தார். போக்குவரத்து விட்டுப் போயிற்று. அடுத்த தலைமுறையே மறந்துபோனது. கல்யாணம் பேசியபோது உயிரோடு இருந்த பாட்டியிடம் யாரும் கேட்கவும் இல்லை. நம் கோயில் கொடையில் ஆண்களின் பெயரை ஏழு தலைமுறைக்கு வரிசையாகச் சொல்கிறார்கள். தப்பாமல் சொல்கிறார்கள். ஆனால் ஒரு பெண் வாக்கப்பட்டுப் போனால் அவள் பிறந்த ஊர் அவளோடு முடிந்துபோகிறது. அதை எங்கேயும் யாரும் சொல்வதில்லை. அவளுக்குக் கோடி வருகிற அந்த ஒரு நாள் மட்டும்தான் அது எல்லோருக்கும் தெரிகிறது. மறுநாள் அதுவும் மறந்துவிடுகிறது.

அன்றிலிருந்துதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார். உங்களில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்? தீப்பெட்டி ஆபீசில் கேட்டார். தண்ணீர்க் குழாயில் கேட்டார். மிளகாய் ஆய்கிற களத்தில் கேட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்டார். "பெத்தவளைப் பெத்தவ எந்த ஊரு? பெத்தவனைப் பெத்தவ எந்த ஊரு?" இரண்டுக்கும் ஒரே ஊர் பதிலாக வந்தால் பேனாவை எடுப்பார். எப்போதும்வென்றான் பக்கத்து அந்த ஊர் என்றால் வீட்டுக்கே வந்துவிடுவார்.

எனக்கு மரபணு என்றால் என்ன என்று பாடப் புத்தகத்தில் நாலு பக்கம் இருக்கிறது. படித்து மார்க் வாங்கினேன். புரிந்தது அம்மா சொன்ன அன்றுதான். ஒரு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "இதுக்கு ரெண்டு பக்கம் மருந்து தடவியிருக்குல்லா? ஒரு பக்கம் அப்பன் குடுத்தது. ஒரு பக்கம் ஆத்தா குடுத்தது. ஒரு பக்கத்துல மருந்து இல்லேன்னா என்ன ஆகும்?"

"மறுபக்கம் உரசிக்கிடலாம்."

"அம்புட்டுதான். அவனுக்கு ஒரு சீக்கும் வராது. நூறு வயசு இருப்பான். அவன் பெட்டியில ஒரு பக்கம் வெறும் அட்டைன்னு அவனுக்கே தெரியாது. இந்த மாதிரி ஒருத்தனும் இந்த மாதிரி ஒருத்தியும் கட்டிக்கிட்டா, பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு பக்கம் குடுக்காவ. ரெண்டு பேரும் வெறும் அட்டையைக் குடுத்துட்டா?"

"தீக்குச்சி பத்தாது."

"நாலு பிள்ளை பிறந்தா ஒண்ணுக்கு அப்பிடி அமையலாம். அமையாமலும் போகலாம். இது ஆத்தா மேல குத்தமா? அப்பன் மேல குத்தமா? சொல்லு பாப்போம்."

இதுதான் விடை. விளாத்திகுளத்துப் பெண்ணால் மட்டும் வரவில்லை. குடத்தால் வரவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது, ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, இரண்டு ஊர் சுற்றி. ஒரு ஜாதிக்கென்றோ ஒரு ஊருக்கென்றோ வருகிற நோய் இல்லை இது. உலகத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது. நெருக்கமாகவே கட்டிக்கொள்கிற இடங்களில் இரண்டு வெறும் அட்டைகள் சந்திப்பது அதிகம், அவ்வளவுதான். சுந்தரேஸ்வரி டீச்சர் ஒன்றை மறக்காமல் சொல்லச் சொன்னார்கள். எழுத்து நெளிகிற பிள்ளைக்கெல்லாம் இந்த நோய் என்று பயப்படக் கூடாது. நோய் இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் எழுத்து நெளியவும் செய்யாது. ரத்தமும் சிறுநீரும் கண்ணும் சோதித்தால்தான் தெரியும்.

சிறுநீர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு நாள் முழுக்க ஒரு கேனில் பிடித்துக் கொண்டுபோக வேண்டும். ஒரு பையனுடைய கேனை அம்மா மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். கண்டக்டர் வந்து கேனைத் தட்டினார்.

"என்னம்மா இது, பதனியா? லக்கேஜ் போடணும்."

"பதனின்னே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. ஒரு கிளாஸ் தரட்டா?"

முன் சீட்டுக்காரர் கிளாசுக்குக் கையை நீட்டிவிட்டார். பிறகு அம்மா விஷயத்தைச் சொன்னதும் அந்த வரிசையே காலியாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து மதுரை வரை போனோம். பாதி வழி தாண்டும்வரை அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு இந்தக் கூட்டத்தில் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

(கண்டக்டர் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். முத்துகிருஷ்ணன் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.)

நான் இதுவரை மற்றவர்கள் வீட்டைப் பற்றிப் பேசினேன். இப்போது என் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். நோட்டில் பதினேழாவது பக்கம் எங்கள் வீடு.

(மூன்றாவது வரிசையிலிருந்து என் அப்பா எழுந்தார். அப்பா பெயர் மாடக்கண்ணு. "ஏட்டி, போதும். இறங்கி வா" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மா வேலுத்தாய், எழாமலே, "அவ சொல்லட்டும். அது எங்க அம்மா ஊருல்லா, ஒங்க அம்மா ஊரா?" என்றார். அப்பா உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.)

அன்று வேப்பமரத்தடியில் முத்துத்தாய் அம்மா என்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனையோ நாடுகளின் தலைநகரம் தெரியும், என் அம்மாவைப் பெற்றவர் பிறந்த ஊர் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அதே ஊர்.

அப்போது என் அக்கா தங்கமாரிக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் தாய்மாமன் சண்முகராஜ். அக்கா பிறந்த அன்றே பேசி வைத்தது. அந்தச் சமயத்தில் முத்துத்தாய் அம்மா வந்து, இரண்டு பேருக்கும் ரத்தம் பார்க்கலாமா என்று கேட்டார். அப்பா கதவைச் சாத்திவிட்டார். "கல்யாண வீட்டுல வந்து ரத்தம் கேக்கா" என்று சத்தம் போட்டார். முத்துத்தாய் அம்மா வெயிலில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு சன்னல் பக்கம் வந்து என் அம்மாவிடம், "தண்ணி மட்டும் குடு வேலுத்தாயி. கட்டாதீயன்னு சொல்ல நான் வரல. சொல்ல நான் யாரு? கட்டுங்க. தெரிஞ்சு கட்டுங்க" என்றார்.

தங்கமாரி அக்காவும் சண்முகராஜ் மாமாவும் யாரிடமும் சொல்லாமல் போய் ரத்தம் கொடுத்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று பேருக்கும் ஒரு பக்கம் வெறும் அட்டை. அதைத் தெரிந்துகொண்டே அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. எப்போது, எங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தேதியோடு இந்த நோட்டில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் மாத்திரை கொடுப்போம். ஹரிஹரசுதன் அண்ணனுக்குக் கிடைக்காதது அதற்குக் கிடைக்கும்.

அப்பாவின் கோபத்தை நான் தப்பு என்று சொல்லவில்லை. அவருக்கு நான் ஒருத்தி இருக்கிறேன். நாளைக்கு என்னைப் பெண் கேட்டு வருகிறவர்கள் விசாரிப்பார்கள். தலைவர் ஐயா வீட்டிலும் தை மாதம் கல்யாணம் இருக்கிறது. அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. அதனால்தான் என் பெயரை நானே மேடையில் சொல்லிவிட்டேன். இனி என்னைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டியதில்லை.

இப்போது கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

கோவில்பட்டிப் பழைய பேப்பர் கடைக்காரரிடம் அம்மா சொல்லி வைத்திருந்தார். நோட்டில் உள்ள ஊர்களிலிருந்து பள்ளிக்கூடத்து நோட்டு வந்தால் எடை போட்டதும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அப்படிப் போன மாதம் ஒரு கட்டு வந்தது. அதில், விற்காமல் வீட்டில் தங்கிப்போன, ஒரே பிள்ளையின் போன வருஷத்து நோட்டுகள் இரண்டு இருந்தன. முதல் பருவம் ஒன்று, மூன்றாம் பருவம் ஒன்று. முதல் நோட்டில் எழுத்து வரிசையாக நிற்கிறது. அடுத்ததில் சிறுத்து, நடுங்கி, கோட்டை விட்டு இறங்குகிறது. வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். என்ன எழுதியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மா மறுநாள் காலையிலேயே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்த ஊருக்குக் கிளம்பினார். புரட்டாசி வெயில். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. அவர் மடியில் இருந்த பையை சத்யபிரியா அக்கா என்னிடம் கொடுத்தார். இந்த நோட்டும், அந்தப் பிள்ளையின் இரண்டு நோட்டும் அதில் இருந்தன.

நான் அந்த வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. சன்னல் வழியாக, "அந்த நோட்டை எரிக்கப் போறாவளாமே. எரிச்ச பிறகு வா, தண்ணி தாரேன்" என்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் அவர்கள் இன்னும் அந்த இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் பார்க்க மாட்டேன். அட்டையில் இருந்த பெயரைக் கிழித்துவிட்டேன்.

(அப்போது தலைவர் உக்கிரபாண்டி ஐயா, "பேரைச் சொல்லிராத தாயி" என்று மெதுவாகச் சொன்னார். "சொல்ல மாட்டேன் ஐயா" என்றேன்.)

முத்துத்தாய் அம்மா போய்விட்டார். அந்தக் கேள்வியும் போய்விட வேண்டுமா? நாற்பத்தேழு வீட்டில் முப்பத்தைந்து வீடு சோதித்தாயிற்று. பன்னிரண்டு பாக்கி. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் போவேன். பரீட்சை முடிந்த பிறகு எந்த ஊருக்குப் படிக்கப் போனாலும் லீவில் வந்து போவேன். கதவு சாத்தினால் வெயிலில் நிற்பேன். அவர் அளவுக்கு நிற்க முடியுமா தெரியாது. முயற்சி செய்வேன். இது நான் அம்மாவுக்குக் கொடுக்கிற வாக்கு.

நோட்டை எரிப்பதா வேண்டாமா என்று தலைவர் ஐயா முடிவு செய்ய வேண்டாம், நானும் முடிவு செய்யவில்லை. இது நாற்பத்தேழு வீட்டுக்காரர்களுடையது. இதோ மேசையில் வைக்கிறேன். வழக்கமாக இரண்டு நிமிஷம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம். இன்று விளக்குகளை அணைத்துவிட்டுச் செலுத்தலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நேரத்தில், தங்கள் பக்கம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் வந்து தங்கள் பக்கத்தைச் சொன்னால் நானே கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன். தங்கள் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் என் காதில் சொன்னால் போதும். வந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. நான் வெளியே சொல்ல மாட்டேன். நன்றி, வணக்கம்.

நான் பேசியது இதுதான். நோட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுந்தரேஸ்வரி டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துகிருஷ்ணன் மாமா எழுந்து, சுவர் ஓரமாக நடந்து, சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று மேடையைப் பார்த்தார். தலைவர் ஐயா தலையை ஆட்டவில்லை. "ஒரு பக்கத்தைக் கிழிச்சா எல்லாத்தையும் கிழிக்கணும்" என்று ஆண்கள் பக்கத்தில் யாரோ சொன்னார். "கிழிக்கணும்னா நீ போய்க் கிழி" என்றார் இன்னொருவர். என் அப்பா இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஏ பிள்ளை, இருட்டுல எழுத முடியுமா ஒனக்கு?"

"முடியும்" என்றேன்.

"அப்ப லைட்டை அமத்துங்க அண்ணாச்சி."

தலைவர் ஐயா எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டன.